டிரைவர் பேட்டா வேறு, டிப்ஸ் வேறு

மூன்று நாள் நவக்கிரகக் கோயில் சுற்று முடிந்து, இரவு ஒன்பதரைக்கு மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. டிரைவர் அண்ணன் டிக்கியைத் திறந்து பைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசியாக நாச்சியார்கோவிலில் வாங்கிய குத்துவிளக்கு. அதைத் தன் துண்டால் சுற்றி, ஸ்டெப்னிக்கும் பைகளுக்கும் நடுவே ஆடாமல் செருகி வைத்திருந்தார். துண்டை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ட்ரிப் ஷீட்டை நீட்டினார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக் கிலோமீட்டரைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, பில் தொகையை எண்ணிக் கொடுத்தார். மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளோடு பெரியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அதெதுக்கு? பேட்டான்னு ஆயிரத்து ஐந்நூறு போட்டிருக்கே, பாக்கலையா?" என்றார் பெரியப்பா.

டிரைவர் காதிலும் அது விழுந்தது. அவர் பின்கதவைத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டார்.

பெரியப்பா கஞ்சர் இல்லை. கோயில் வாசலில் சில்லறை தீர்ந்து தாளாகப் போட்டவர். பேட்டா என்பதும் டிப்ஸ் என்பதும் ஒன்றுதான் என்று உண்மையாகவே நினைத்திருந்தார். அவர் மட்டுமல்ல, வாடகைக் காரில் வெளியூர் போகும் பல குடும்பங்களில் இந்தக் குழப்பம் இருக்கிறது. சிலர் பேட்டாவும் கொடுத்து மூன்று வேளைச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் "இவ்வளவு செஞ்சும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான்" என்று குறைப்படுவார்கள். வேறு சிலர் ஐந்து நாள் மலையேறி இறங்கிய டிரைவருக்கு ஐம்பது ரூபாயை நீட்டிவிட்டு, பெரிய மனதோடு நடந்துகொண்டதாக நினைத்துக்கொள்வார்கள். எந்தக் காசு எதற்கு, அது யார் பைக்குப் போகிறது என்று தெரிந்தால் இதில் பாதிச் சங்கடம் இருக்காது.

கல்யாண வீட்டுச் சமையல்காரர்

காரை விட்டுவிட்டு முதலில் கல்யாண மண்டபத்துக்குப் போவோம். சமையல் மாஸ்டரிடம் கூலி பேசுகிறோம். அது வேலைக்கான காசு. அவர் வெளியூரிலிருந்து வருகிறார் என்றால் வந்துபோகிற பஸ் செலவு, வெற்றிலை பாக்குச் செலவு என்று தனியாக ஒரு தொகை. அது அவர் நம் வேலைக்காக வீட்டை விட்டு வந்ததால் ஆகிற செலவு. பந்தி முடிந்து, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்த சம்பந்தி, "மாஸ்டரைக் கூப்பிடுங்க" என்று அழைத்து வேட்டி துண்டோடு தட்டில் ஏதோ வைத்துக் கொடுக்கிறார். அது சந்தோஷம்.

பஸ் செலவுக்குக் கொடுத்ததை வைத்து "வேட்டி துண்டு கொடுத்தாச்சு" என்று யாரும் சொல்வதில்லை. வேட்டி துண்டு கொடுத்ததால் கூலியில் பிடித்துக்கொள்வதும் இல்லை. கல்யாண வீட்டில் நமக்கு இயல்பாகத் தெரிகிற இந்தக் கணக்கு, காரில் ஏறியதும் மறந்துபோகிறது. காரணம், மூன்றில் இரண்டு காசு ஒரே பில்லில், ஒரே கையில் போய்ச் சேருவதுதான்.

பேட்டா என்றால் என்ன?

வேலைக்காக ஊரைவிட்டு வெளியே இருக்கும் ஒருவருக்கு, அவருடைய சாப்பாடு, தங்கல் போன்ற அன்றாடச் செலவுக்காக நாள் கணக்கில் கொடுக்கும் தொகைதான் பேட்டா. அரசு அலுவலகத் தமிழில் இதுவே படி. பயணப்படி, பஞ்சப்படி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பேட்டா என்ற சொல் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில், முகாமை விட்டுக் களத்துக்குப் போகும் அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்கு மேல் இந்தப் பெயரில் படி கொடுத்தார்கள். வங்காளத்தில் அது இரட்டைப் படியாக வளர்ந்தது. ராபர்ட் கிளைவ் 1766-ல் அதை வெட்டியபோது, வெள்ளை அதிகாரிகள் கூண்டோடு ராஜினாமா செய்வோம் என்று மிரட்டினார்கள். சம்பளத்தைக் கூட விட்டுவிடுவார்கள், படியில் கைவைத்தால் கலகம்! இன்றைக்கும் ட்ராவல்ஸ் அலுவலகங்களில் நடக்கும் சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான்.

நவக்கிரகச் சுற்றுக்குப் போகிறவர்கள் சற்று வழி விலகினால் பார்த்துவிடக்கூடிய ஊர் திருவீழிமிழலை. பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும், அடியார்களுக்கு அமுது படைப்பதற்காக, இறைவன் நாள்தோறும் படிக்காசு வைத்ததாக அந்தத் தலத்தின் கதை. ஒரு நாளைக்கு ஒரு காசு, அன்றைய சாப்பாட்டுச் செலவுக்கு. படி என்ற சொல்லின் பொருள் அந்தக் கதையிலேயே முழுசாக இருக்கிறது. அது பரிசு இல்லை.

ஆகவே டிரைவர் பேட்டா என்பது அவர் நன்றாக ஓட்டினாரா, சிரித்துப் பேசினாரா என்பதைப் பொறுத்தது அல்ல. அவர் மூன்று நாள் தன் வீட்டில் சாப்பிடவில்லை, தன் பாயில் படுக்கவில்லை. அதற்கு ஆகிற செலவு அது. ஓட்டியது பிடிக்காவிட்டாலும் பேட்டா கொடுத்தே ஆக வேண்டும், அது கடன். டிப்ஸ் அப்படியில்லை, அது முழுக்க நம் விருப்பம்.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

அன்று பெரியப்பா கொடுத்த பில்லையே எடுத்துக்கொள்வோம். கார் உண்மையில் ஓடியது 690 கிலோமீட்டர். பில்லில் இருந்தது 750. "அறுபது கிலோமீட்டர் ஓடாமலே காசு வாங்கிட்டாங்க, அதுவே டிப்ஸ் மாதிரிதானே?" என்பது பெரியப்பாவின் அடுத்த வாதம்.

வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று ட்ராவல்ஸ்காரர்கள் வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 250. நாம் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் வரை சுற்றினாலும், அந்தக் கார் அன்று வேறு சவாரிக்குப் போக முடியாது. அதற்காகத்தான் இந்தக் குறைந்தபட்சக் கணக்கு. மூன்று நாளைக்கு 750, கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வீதம் 10,500 ரூபாய். இந்தத் தொகை கார் வைத்திருப்பவருக்கு. டீசல், இன்சூரன்ஸ், டயர், வங்கித் தவணை எல்லாம் இதிலிருந்துதான். ஓடாத அந்த 60 கிலோமீட்டர் காசும் அங்கேதான் போகிறது. டிரைவர் அதைக் கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான்.

அடுத்தது டோல், பார்க்கிங், பக்கத்து மாநிலம் போனால் பர்மிட். இவை வழியில் ஆகும் செலவு, அப்படியே திருப்பிக் கொடுப்பது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு டோல் பெரும்பாலும் உரிமையாளர் கணக்கில் கழிகிறது. பார்க்கிங் மட்டும் இன்னும் டிரைவர் பையிலிருந்துதான் போகிறது. சிறிய கோயில்களில் ரசீதும் தர மாட்டார்கள். இருபது, முப்பது என்று அவர் சொல்லும்போது "ரசீது எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக பேட்டா. நாளைக்கு 500 வீதம் 1,500. இதைத்தான் பெரியப்பா டிப்ஸ் என்று எடுத்துக்கொண்டார்.

கிலோமீட்டர் காசு காருக்கு, டோலும் பார்க்கிங்கும் வழிக்கு, பேட்டா டிரைவரின் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும். இந்தப் பில்லில் டிப்ஸ் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை.

ஐந்நூறு ரூபாயில் ஒரு நாள்

பேட்டா எப்படிச் செலவாகிறது என்று ஒரு நாள் கூட இருந்து பார்த்தால் புரியும். கும்பகோணத்தில் நாங்கள் தங்கிய லாட்ஜில் டிரைவர்களுக்கு என்று இடம் கிடையாது. பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் மட்டும் டிரைவர்களுக்குப் பொதுக்கூடம் ஒன்று இருக்கும். தனி அறை எடுத்தால் பேட்டா முழுசும் அங்கேயே கரைந்துவிடும். அதனால் பெரும்பாலானவர்கள் செய்வதையே அவரும் செய்தார். முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியைக் கொசு நுழையாத அளவுக்கு மட்டும் இறக்கி, காரிலேயே படுத்துக்கொண்டார். விடிகாலை ஐந்து மணிக்கு நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, வாளித் தண்ணீரில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளியலுக்குக் கட்டணக் கழிப்பறை. காலையில் இரண்டு இட்லி ஒரு வடை, மதியம் அளவுச் சாப்பாடு, இடையே நாலைந்து டீ.

இப்படி மிச்சம் பிடித்தால் ஐந்நூறில் பாதியையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இங்கேதான் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேட்டா என்பது செலவுக்கான படி என்று சொன்னேன். ஆனால் நடைமுறையில் பல டிரைவர்களுக்கு அந்த மிச்சம்தான் வருமானத்தின் பெரிய பகுதி. காரில் படுப்பது அவருக்குப் பிடித்தமான ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லா டிரைவர்களின் நிலைமையும் ஒன்றல்ல. சொந்தக் காரை ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் காசும் பேட்டாவும் அவருக்கே; ஆனால் தவணையும் அவர் தலையில்தான். சவாரியைப் பிடித்துக் கொடுத்த ட்ராவல்ஸுக்கு ஒரு பங்கும் போகும். அடுத்தது, மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர். சில இடங்களில் சம்பளமும் பேட்டாவும் கிடைக்கும், சில இடங்களில் பேட்டாதான் சம்பளமே. அப்புறம் ஆக்டிங் டிரைவர். நம் சொந்தக் காரை ஓட்ட, மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ கூப்பிடுகிறோமே, அவர். அவரிடம் பேசும் தொகையில் சாப்பாடும் தங்கலும் சேர்த்தியா இல்லையா என்பதை ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடைக்கானலில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

இவர்களில் நமக்கு வாய்த்தவர் யார் என்று எப்படித் தெரியும்? கேட்கலாம். "அண்ணே, பேட்டா உங்க கைக்கே வருதா, ஆபீஸ்ல குடுக்கணுமா?" என்று வழியில் டீ குடிக்கும்போது கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் கேட்டதற்கு ஒருவர், "பில்லுல போட்டது ஐந்நூறு சார், எனக்கு முந்நூறு" என்றார். நாம் முழுப் பேட்டா கொடுத்திருப்போம், அவர் கைக்கு முழுசாகப் போயிருக்காது.

சரி, டிப்ஸ் என்பது எது?

வேலை முடிந்த பிறகு, பேசிய காசெல்லாம் கொடுத்த பிறகு, நாம் விரும்பித் தருவது டிப்ஸ். 'சீக்கிரம் செய்வதை உறுதிசெய்ய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் டிப்ஸ் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றும். அது பிற்காலத்தில் யாரோ கட்டிய கதை. ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இதற்கு வைத்திருக்கும் சொல்லின் பொருள் 'குடிக்கக் காசு'. நம் ஊரில் "டீ செலவுக்கு வச்சுக்கங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். எந்த ஊரானாலும் தொண்டை வறளும்போலிருக்கிறது. டிரைவர்கள் தங்களுக்குள் பேசும்போது "பார்ட்டி சந்தோஷம் குடுத்தாங்க" என்பார்கள். எனக்குப் பிடித்த சொல் அதுதான்.

'முடிந்த பிறகு' என்பது முக்கியம். முன்னாலேயே கொடுத்தால் அதன் பெயர் மாறிவிடும். 2025 மே மாதம், கார் வருவதற்கு முன்பே டிப்ஸ் போடச் சொல்லித் தூண்டிய டாக்சிச் செயலி ஒன்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. கூட ஐம்பது போட்டால் கார் சீக்கிரம் வரும் என்றால் அது வண்டியை ஏலம் எடுப்பது. அதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது?

மாமூலும் டிப்ஸ் அல்ல. கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்ற பயத்தில் கொடுப்பது மாமூல். கொடுக்காவிட்டாலும் எதுவும் கெட்டுப்போகாது என்ற நிலையில் கொடுத்தால்தான் டிப்ஸ்.

கண்ணுக்குத் தெரியாத காசு: கமிஷன்

சில சுற்றுலா இடங்களில் டிரைவருக்கு இன்னொரு வழியிலும் காசு வரும். "சார், இங்க ஒரு கடை இருக்கு, சும்மா பாத்துட்டு வாங்க" என்று நிறுத்துவார். தேக்கடியில் மசாலாக் கடை, ஊட்டியில் தேயிலை, சாக்லேட், காஞ்சிபுரத்தில் பட்டு. நாம் வாங்கினால் அதில் ஒரு பங்கு, சில இடங்களில் வாங்காவிட்டாலும் வண்டி நிறுத்தியதற்கு ஒரு சிறு தொகை. இதுதான் கமிஷன்: வாடிக்கையாளரைக் கொண்டுவந்ததற்குக் கடைக்காரர் கொடுப்பது. நெடுஞ்சாலை ஓட்டல்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசமாகக் கிடைப்பதும் இதே கணக்கில்தான். நமக்கு நாற்பது ரூபாய்த் தோசை அங்கே தொண்ணூறு ஆவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்காரர் தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டு கமிஷன் கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஏலக்காய் விலையில் அதை ஏற்றிவிடுவார். ஆக, டிரைவருக்குப் போகும் அந்தக் காசும் நம் பையிலிருந்துதான், சுற்றிவளைத்துப் போகிறது.

இதற்காக டிரைவரைத் திருடன் மாதிரிப் பார்க்க வேண்டியதில்லை. நாம் நேராகக் கொடுக்காததை அவர் வளைத்து வாங்கிக்கொள்கிறார். நான் பழகிக்கொண்ட வழி ஒன்று உண்டு. முதல் நாளே, "அண்ணே, கடைக்கெல்லாம் போக வேண்டாம், நேரத்தோட ஊர் சுத்திக் காட்டுங்க, கடைசியில நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவது. சொன்ன பிறகு 'பார்த்துக்கொள்ள' வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான பகுதி.

இதுவரை மூன்று காசு பார்த்தோம். பேட்டா கடன், டிப்ஸ் விருப்பம், கமிஷன் நமக்கே தெரியாமல் நாம் கொடுப்பது.

எவ்வளவு, எப்படி?

இதற்குச் சட்டமும் இல்லை, அட்டவணையும் இல்லை. என் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மூன்று நாள் பயணம் என்றால், ஒரு நாள் பேட்டா எவ்வளவோ அவ்வளவு. ஐந்தாறு நாள், மலைப்பாதை, வயதானவர்களைக் கைபிடித்து இறக்கி ஏற்றியது என்றால் இரண்டு நாள் பேட்டா. ஊருக்குள் ஏர்போர்ட் டிராப் என்றால் பில்லை அடுத்த ஐம்பதுக்கோ நூறுக்கோ நிமிர்த்துவது. பெரியம்மா கையில் வைத்திருந்த ஐந்நூறு இந்தக் கணக்கில் மிகச் சரி. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

தொகையைவிடக் கொடுக்கும் விதத்தில்தான் அதிகம் தவறுகிறோம். முதல் தவறு, பில் தொகையோடு சேர்த்துக் கொடுப்பது. 12,700 ரூபாய் பில்லுக்கு 13,200 கொடுத்து "வச்சுக்கங்க" என்றால், அவர் வைத்துக்கொள்ளலாமா, ஆபீசில் ஒப்படைக்க வேண்டுமா என்று அவருக்கே சந்தேகம். ட்ராவல்ஸ் எண்ணுக்கு ஜிபேயில் மொத்தமாக அனுப்பினால் சந்தேகமே வேண்டாம், டிரைவருக்குப் போகாது. பில்லைத் தனியாக முடித்து, கையெழுத்துப் போட்டு, அதன் பிறகு டிப்ஸைத் தனியாக, பணமாக, அவர் கையில் கொடுக்க வேண்டும். பணம் இல்லை என்றால், "உங்க நம்பருக்கே போடுறேன், சொல்லுங்க" என்று கேட்டு அனுப்பலாம்.

இரண்டாவது, சின்னப் பையனிடம் கொடுத்து "அந்த டிரைவர்கிட்ட குடுத்துட்டு வாடா" என்று அனுப்புவது. நாற்பத்தைந்து வயது ஆள் எட்டு வயதுப் பையனிடம் கைநீட்டி வாங்க வேண்டும். பெரியவர் ஒருவர், நின்று, வலது கையால், அந்த மூன்று நாளில் அவர் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

சாப்பாடு பற்றியும் கேட்பார்கள். பேட்டா கொடுக்கிறோம் என்றால் சாப்பாடு வாங்கித் தரும் கட்டாயம் இல்லை. ஆனால் தட்டு இருநூறு ரூபாய்க்குக் குறையாத மலை ஓட்டலில் நாம் நிறுத்தச் சொன்னால் அங்கே அவர் செலவு நம்முடையது. கூட உட்காரச் சொல்லிக் கூப்பிடுவது நல்லது, வற்புறுத்த வேண்டாம். பல டிரைவர்கள் தனியாகச் சாப்பிடவே விரும்புகிறார்கள். நம் குடும்பத்துக் கதைகளிலிருந்து அவர்களுக்கும் அரைமணி நேர விடுதலை வேண்டாமா? வீட்டுக்குப் போன் பேசுவதும் அப்போதுதான்.

எப்போது டிப்ஸ் கொடுக்கக் கூடாது? வளைவில் முந்தினார், போன் பேசிக்கொண்டே ஓட்டினார் என்றால் நான் கொடுப்பதில்லை, காரணத்தையும் சொல்லிவிடுவேன். பேட்டாவில் மட்டும் கைவைப்பதில்லை. மழை, டிராஃபிக், கோயில் நடை சாத்திவிட்டது போன்றவற்றுக்கு அவர் பொறுப்பில்லை.

ஒன்று மட்டும் டிப்ஸால் நடக்காது, நடக்கவும் கூடாது. "இன்னும் ஐந்நூறு தர்றேன், ராத்திரியோட ராத்திரியா ஓட்டி விட்டுடுங்க." டிரைவரும் ஒப்புக்கொள்வார், காசு தேவை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரைமணி நேரமாவது ஓய்வு என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே பொது அளவாக வைத்திருந்தது. நாங்கள் காலை ஐந்துக்கு எழுப்பிய டிரைவர் அண்ணனை அன்று இரவு ஒன்பதரைக்குத்தான் விட்டோம். இதில் எனக்கும் வெட்கம் உண்டு.

டிரைவர் அல்லாதவர்கள்

இதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். ரயில் நிலையப் போர்ட்டருக்கு ரயில்வே நிர்ணயித்த கூலி உண்டு. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்குச் 'சஹாயக்' என்று பெயர் மாற்றினார்கள், கூலி முறை மாறவில்லை. அந்தக் கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, பிறகு பத்து ரூபாய் டிப்ஸ் கொடுப்பதில் அர்த்தமில்லை. கோயிலிலோ மாமல்லபுரத்திலோ கைடு வைத்தால், தொகையை முதலிலேயே பேசுங்கள், அது கட்டணம். நல்லாச் சொன்னார், பிள்ளைகள் கேள்வி கேட்டதற்கு நின்று பதில் சொன்னார் என்றால் அதற்கு மேல் தருவது டிப்ஸ். கட்டணமே பேசாமல் "பாத்துக் குடுங்க சார்" என்றால் அங்கே பேரம் கடைசிக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

சபரிமலை டோலியில் நான்கு பேர் தூக்குகிறார்கள். சந்தோஷமாக ஏதாவது கொடுப்பதென்றால் நான்காகப் பிரித்து, நான்கு கையில் கொடுப்பது நல்லது. முன்னால் நிற்பவரிடம் மொத்தமாகக் கொடுத்தால், பின்னால் இடதுபக்கம் தூக்கியவருக்கு எவ்வளவு போயிற்று என்று நமக்குத் தெரியாது.

இப்போது பல வீடுகளில் வரும் கேள்வி, விமான நிலைய வீல்சேர். அமெரிக்காவில் மகனைப் பார்க்கத் தனியாகப் போகும் அம்மாவுக்கு இந்த உதவியை டிக்கெட்டோடு முன்பதிவு செய்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை, தள்ளுகிறவரும் நம்மிடம் எதையும் கேட்கக் கூடாது. ஆனால் இறங்கும் ஊரின் வழக்கம் வேறு. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது மாறவே இல்லை. மற்றத் தொழிலாளர்களுக்கு 7.25. இடைவெளியை டிப்ஸ் நிரப்பும், நிரம்பாவிட்டால் முதலாளி போட வேண்டும் என்பது ஏற்பாடு. சில மாநிலங்கள் இதை ஏற்காமல் முழுக் கூலி கொடுக்கச் சொல்கின்றன. ஆகவே அங்கே பல இடங்களில் டிப்ஸ் என்பது கூலியின் ஒரு துண்டு. அம்மாவின் கைப்பையில் சில ஐந்து டாலர் தாள்களை வைத்து அனுப்புங்கள். ஜப்பானுக்குப் போகிறார் என்றால் வேண்டாம், அங்கே டிப்ஸ் வழக்கமே இல்லை.

இலங்கைக்குப் போகிறவர்கள் ஒரு நல்ல வித்தியாசத்தைப் பார்க்கலாம். அங்கே காரும் ஓட்டி ஊரும் விளக்கிச் சொல்லும் டிரைவர்-கைடு என்ற தொழிலே தனியாக இருக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அவர்களுக்கு உரிமம் தருகிறது. சுற்றுலா ஓட்டல்கள் பலவற்றில் டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். அப்படி இருக்கும்போது அங்கே நாம் கொடுக்கும் டிப்ஸ், தூக்கத்துக்கான ஈடாக இல்லாமல் உண்மையாகவே டிப்ஸாக இருக்கும். பதிவு செய்யும்போதே "டிரைவருக்கு ரூம் உண்டா?" என்று ஓட்டலில் கேட்டுவிடுங்கள். நம் ஊரிலும் கேட்கலாம். கேட்பவர்கள் கூடினால் இங்கேயும் இடம் ஒதுக்குவார்களோ என்னவோ.

அன்று இரவு பெரியம்மா பேசாமல் ஐந்நூறைக் கொடுத்துவிட்டார். "விளக்கைப் பிள்ளை மாதிரி கொண்டாந்தீங்க" என்றார். டிரைவர் அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேங்கம்மா, வர்றேங்கய்யா" என்று கிளம்பினார். நான் பில்லை வைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் மேலே எழுதியதையெல்லாம் அரைமணி நேரம் சொன்னேன். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திருச்செந்தூர் போக வண்டி பேசும்போது நான் பக்கத்து அறையில் இருந்தேன். கிலோமீட்டர் என்ன ரேட், ஏசி உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்த பெரியப்பா, போனை வைக்காமல் கொஞ்சம் தயங்கி, "அந்தப் பேட்டா இருக்குல்ல, அது டிரைவர் கைக்கு முழுசாப் போகுதா?" என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.